விளக்கின் வாயில் நீலக் குழாய்

என் கணவருக்குள் வேலை செய்வது என் சிறுநீரகம். மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தண்ணீரில் கவனம், காய்ச்சல் வந்தால் கொடுத்த உறுப்பு தங்காது. அதனால்தான் பர்மாவில், பசுந்தாங்கில் எங்கள் வீட்டுப் பின்சுவரில், தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குக் கருவியை மாட்ட முடிவு செய்தோம். கருவியில் சண்டை இல்லை. அதற்கு எந்தக் குழாய் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

செம்பு என்றால் பின்சந்தில் ஒரு வாரம் தாங்காது, அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாதாரண இரும்பு எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீருக்குத் துருப்பிடிக்கும். மிச்சம் ஸ்டீலும், ஊர் முழுக்க ஓடுகிற நீலப் பிளாஸ்டிக்கும். கடைக்காரர் தமிழர்தான், பேச்சில் பாதி பர்மியம். "அண்ணே, லைட்டு வாய்கிட்ட பிளாஸ்டிக்கு வேணாம், அந்த வெளிச்சம் தின்னுடும். ரெண்டு பக்கமும் ஒரு முழம் ஸ்டீலு போட்டுட்டு அப்புறம் நீலத்தப் போடுங்க" என்றார்.

நானும் அதையே சொன்னேன். என் கணவர் கேட்டால்தானே. இங்கே கரண்ட் போய்த் திரும்பும்போது பாய்ந்து வரும். கீழ்வீட்டில் ஒருவர் இரும்புக் குழாயைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர் இவர். "பொழச்சு வந்தவனக் கரண்டுல கொல்லப் பாக்குறியா?" என்று ஒரே பிடி. நீலக் குழாயே வந்தது.

அதோடு விட்டாரா? விளக்கு ஒரு நொடியும் அணையக்கூடாது என்று அதற்கு மட்டும் தனி பாட்டரி வைத்தார். கரண்ட் வந்தால் தெருவே "மீ லாபி!", வந்தாச்சு என்று கத்தும், அப்போதுதான் பம்பு ஓடும், தண்ணீர் நகரும். மற்ற நேரமெல்லாம் தேங்கிய தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டு விளக்கு எரிந்தது. "பாத்தியா, தூங்காமக் காவல் காக்குது" என்று பெருமைப்படுவார். அதை நம்பித் தண்ணீர் காய்ச்சுவதையும் நிறுத்தினோம். கருவியைத் தொடும்போதெல்லாம் அந்த வெதுவெதுப்பு எனக்குப் பயமாக இருந்தது.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். கருவியிலிருந்து சமையலறைக்கு வரும் குழாய் நீலமாகவே இல்லை, சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி ஒரு சில்லு உடைந்து கையோடு வந்தது. பக்கத்திலேயே இன்னொரு விரிசல், பாசி பிடித்துப் பழசாகிப் போயிருந்தது. அதற்கு நேர் மேலே மாடிவீட்டுக் கழிவுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பம்பு நிற்கும்போதெல்லாம் விரிசல் அந்தச் சொட்டை உள்ளே இழுத்திருக்கும். விளக்கைத் தாண்டிய பிறகு சேரும் அழுக்கை விளக்கு என்ன செய்யும்? எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் நான் என் கையால் அவருக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் உள்ளே போனேன். பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது, காலையிலிருந்து கரண்ட் இல்லை. அவர் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தார்.

"இந்தா, அந்த ஃபேன நிறுத்து. குளுருது."