நான்காவது இலக்கு

அந்த வருடத்துக்கு மூன்று இலக்குகள் போதும் என்றுதான் பங்குத்தந்தை சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் கடலூர்ப் பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் இருபது சேர்ந்தால் ஓர் அன்பியம். ஜனவரி முதல் ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, அந்த வருடம் அன்பியம் என்ன செய்யப்போகிறது என்று முடிவெடுப்பார்கள். தினமும் குடும்ப செபமாலை, வாரம் ஓர் அதிகாரம் பைபிள், பிள்ளைகளைத் தவறாமல் மறைக்கல்விக்கு அனுப்புவது. போன வருடமும் இதே மூன்றுதான், அதற்கு முந்திய வருடமும் இதேதான். நிறைவேறாத இலக்கில் ஒரு வசதி உண்டு, மறுபடி யோசிக்க வேண்டியதில்லை.

முறுக்குத் தட்டு காலியாகி எல்லோரும் கிளம்பப்போகும் நேரத்தில் அப்பா எழுந்து நின்றார். கூட்டங்களில் அவர் வாயைத் திறப்பது டீ குடிக்க மட்டும்தான் என்பதால் அம்மாவைத் தவிர எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"நாலாவதா ஒண்ணு வச்சிக்கலாமா? எல்லார் வூட்லயும் பேச்சுவார்த்தை இல்லாம வுட்டுப்போன சொந்தம் ஒண்ணாவது இருக்கும். இந்த வருஷத்துக்குள்ள அவுங்கள போயி பாத்துட்டு வந்துடணும்" என்றார். ஒப்பிப்பதுபோல் வேகமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சிலர் பாயைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் சார்ட் எழுதும் பொறுப்பு என்னுடையது. நான்காவது இலக்குக்குக் கீழே வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்கு ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டுவேன். நவம்பரில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு கோயில் வருடம் முடியும். அன்று திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை எங்கள் சார்ட்டை வாசிப்பார். எனக்கு அந்த நினைப்பிலேயே தலைக்கனம் ஏறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், செபமாலையும் பைபிளும் வழக்கம்போல் கிடக்க, இந்த நான்காவதுதான் சூடு பிடித்தது. திருவதிகையில் இருந்த தம்பியைப் பார்க்கப் போனவர் பலாப்பழத்தோடு திரும்பினார். நட்சத்திரம் ஒட்டிய எனக்கும் நாலு சுளை கிடைத்தது. அக்டோபர் முடிவதற்குள் பத்தொன்பது கட்டங்கள் மின்னின. காலியாக இருந்தது எங்கள் வீட்டுக் கட்டம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் விட்டுப்போன சொந்தம் யார் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் ஒரே தங்கை. கீரப்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓர் இந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சிதம்பரத்தில் குடியிருந்தார். அன்று அப்பா, இனி இந்த வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஏழு வருடம் ஓடிவிட்டது. எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்தார்கள், அது போதும். தினமும் அப்பாவை நச்சரித்தேன்.

பெருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்த கையோடு மூன்று பேரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டும்வரை அப்பா டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கதவைத் திறந்த அத்தை அப்பாவைப் பார்த்துவிட்டு, "வாண்ணே" என்றார். அவ்வளவுதான். உடனே மாமாவைப் பரங்கிப்பேட்டை மீன் வந்திருக்கிறதா பார்க்கச் சொல்லி விரட்டினார். சாப்பிடும்போது அப்பா, "கொழம்புல புளி ஜாஸ்தி. அப்பல்லாம் இப்பிடித்தான் வைப்ப" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிறிஸ்மஸுக்கு மாப்ளைய அழச்சிக்கினு வா. காலையிலயே வந்துடு" என்று அப்பா சொன்னார்.

"வரேன்ணே. வராம எங்க போவப்போறேன்."

சாப்பாடு முடிந்து அத்தை பின்பக்கக் குழாயடியில் தட்டு கழுவ, நானும் கூடப் போனேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அத்த, இனிமே எங்க வூட்டுக்கும் ஸ்டார் ஒட்டிடலாம்."

"என்னா ஸ்டாரு கண்ணு?"

சொன்னேன். சார்ட்டைச் சொன்னேன், இலக்கைச் சொன்னேன், பத்தொன்பது வீடு முடிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அத்தை கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

"அதுக்குத்தான் இன்னிக்கி வந்தீங்களா?"

"ஆமா அத்த. வர்ற ஞாயித்துக்கெழம கடைசி நாளு."

அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தார். ஈரக் கை. கிளம்பும்போது அப்பாவிடம், "கிறிஸ்மஸுக்கு வேல இருக்கும்போல. பாக்கலாம்ணே" என்றார். அப்பா சரி என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு சார்ட்டை வாசித்தபோது கோயிலே கைதட்டியது. கிறிஸ்துமஸ் அன்று அம்மா இரண்டு இலை கூடுதலாகப் போட்டார். அப்பா பதினோரு மணியிலிருந்து தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். மூன்று மணிக்கு அந்த இலைகளை அம்மா மடித்து எடுத்தார். குழாயடியில் நடந்தது யாருக்கும் தெரியாததால் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு அத்தை ஒரே ஒரு முறைதான் வந்தார், அப்பாவின் அடக்கத்துக்கு. மண் போட்டுவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார். அந்த வாரம்தான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்.

"ஒங்கப்பா அன்பியக் கூட்டத்துல அந்த ரெண்டு வரிய சொல்றதுக்கு அதுக்கு முந்துன டிசம்பர் பூரா மொட்டமாடியில நடந்து நடந்து மனப்பாடம் பண்ணாரு. வராதன்னு சொன்ன வாயால வான்னு சொல்ல வரல. கோயிலே சொல்லிட்டா போயிடலாம்னாரு. அப்பவும் ரெண்டு தடவ சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு."

இதை அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அப்பா இல்லாத இந்த நேரத்தில் சொன்னால், அத்தனை வருடத்தையும் அத்தை தலையில் இறக்கிவைத்தது போலாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பயம் என்பதுதான் உண்மை.

இலக்குக்காக அத்தையைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அந்தப் பத்து வயதில் நினைத்திருந்தேன். அத்தையைப் பார்ப்பதற்காகத்தான் அப்பா அந்த இலக்கையே கேட்டு வாங்கினார் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் குழாயடியில் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளைதானே நான்.