யசிந்தா அக்காவின் குளிர்

ஜக்கெற்றின் சிப்பை நாடிவரை இழுத்து மூடி, அதிலுள்ள தொப்பியைத் தலையில் கவிழ்த்து, அதன் விளிம்பிலிருக்கிற சடைமயிரை ஊதி விலக்கிவிட்டுத்தான் யசிந்தா அக்கா கத்தியைக் கையில் எடுப்பார். பிறகே ஓரா மீனின் செட்டை வெட்டப்படும். அந்தக் கறுப்பு ஜக்கெற் மைனஸ் நாற்பது வரை தாங்கும் என்று அதன் உட்புறத்தில் ஒரு துணித்துண்டில் எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அந்த நேரம் இருபத்துமூன்று பாகை. ஜக்கெற்றுக்குக் கீழே பூப்போட்ட சேலையும் இறப்பர் செருப்பும் தெரியும்.

சைவக்காரரின் கார்த்திகை விளக்கீடு முடிந்த மறுநாள் போட்டாரென்றால் மாசி கழியும்வரை கழற்றமாட்டார். தோய்ப்பதும் கிடையாது. "தோய்ச்சால் அதின்ரை சூடு போயிடும் மாஸ்டர்," என்பார். ஓய்வுபெற்ற கணித வாத்தியாரான எனக்கு இந்தக் கணக்குப் புரிவதில்லை. ஜக்கெற்றின் கைகளில் செதில் ஒட்டிக் காய்ந்து, வெயில் பட்டால் மினுங்கும். சந்தைப் பூனைகள் மற்றவர்களிடம் மீன் தலைக்காகப் போகும். இவரிடம் மட்டும் தலை தீர்ந்த பிறகும் வந்து உரஞ்சிக்கொண்டு நிற்கும்.

மீன் பகுதி வாசலில் தேசிக்காயும் பச்சை மிளகாயும் விற்கிற சிவக்கொழுந்துக்கு இது பொறுக்காது. அளவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வெறும் நூல் சேலையோடு மார்கழியைக் கடக்கிற மனுசி அவர். "உவவுக்கு ரொறன்ரோவிலை கடை போட்டிருக்கிற நினைப்பு," என்பார், எனக்குச் சொல்வதுபோல.

"உனக்குத் தோல் தடிப்படி. எனக்கு அப்பிடியே?" என்று தொப்பிக்குள்ளிருந்து பதில் வரும்.

இந்தச் சண்டை பத்து வருடமாக நடக்கிறது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரு சோற்றுப் பார்சலைத்தான் பிரித்துச் சாப்பிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது அடிப்பதெல்லாம் குளிரே இல்லை என்பது யசிந்தா அக்காவின் உறுதியான கட்சி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று யாராவது நல்லெண்ணத்தோடு ஆரம்பித்தால், "அதெல்லாம் அந்தக் காலம்," என்று கத்தியை உயர்த்தி மறித்துவிடுவார். குளிர் என்றால் அவர் சின்னப் பிள்ளையாகக் குருநகரில் கண்டதுதானாம். வாடைக்காற்று கடலிலிருந்து எழும்பி ஓலை வீட்டுக்குள் நேரே வந்து பாயில் படுக்குமாம்.

"பிறகேன் அக்கா உந்த ஜக்கெற்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குளிர் குறைஞ்சிட்டுது மாஸ்டர். நானும் குறைஞ்சிட்டன்," என்றார். ஐம்பத்தெட்டு வயது. குறைந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்து உடுப்புகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மீன் வாங்க வந்தவர் மீனை மறந்துவிடவேண்டும். அம்மா கோதுமை மாப் பையை வெட்டிச் சட்டை தைத்தாராம். எவ்வளவு தோய்த்தும் முதுகில் இருந்த எழுத்துப் போகவில்லை. 'விற்பனைக்கல்ல' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருநாள் உரத்து வாசித்துவிட்டார். "அண்டு துவக்கம் என்னை ஒருத்தரும் பேரம் பேசேலாது," என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ விளைமீனுக்கு என்னோடு கால் மணித்தியாலம் பேரம் பேசினார். ஆண் பிள்ளைகளுக்கு ஐயாவின் வள்ளத்துப் பழைய பாய்ச்சீலையில் காற்சட்டை. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து விறைத்த சீலை. கழற்றி வைத்தால் காற்சட்டை தானாக நிற்குமாம். இதை நான் பாதிதான் நம்புகிறேன்.

கம்பளியென்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. வெளிநாட்டுப் பெட்டி ஒன்றில் வந்ததைப் பங்குச் சுவாமியார் கொடுத்த மண்ணிறச் சுவெற்றர். பிள்ளைகளோ மூன்று பேர்: மூத்தவர் யாகப்பு, நடுவில் யசிந்தா, கடைசி கிறிஸ்துநாயகம். எனவே முறை வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை சுவெற்றருக்கு ஓய்வு, கர்த்தர் ஓய்ந்த நாளில் அதுவும் ஓயவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஆருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும் முறை தள்ளுபடி, காய்ச்சல்காரருக்கே சுவெற்றர். சட்டம் இருந்தால் ஓட்டையும் இருக்கும். கமக்கட்டுக்குள் வெங்காயத்தை வைத்துக்கொண்டு படுத்தால் காய்ச்சல் வரும் என்று கடைசித் தம்பிக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். "காய்ச்சலும் வரேல்லை, ஒண்டும் வரேல்லை. வெங்காய மணம்தான் வந்தது. அம்மா நெத்தியிலை கை வைச்சுப் பாக்கிறேல்லை, மணந்துதான் பாக்கிறது," என்று யசிந்தா அக்கா சிரிக்கும்போது ஜக்கெற் முழுவதும் குலுங்கும்.

யாகப்பு தொண்ணூற்றொன்றில் தொழிலுக்குப் போனவர், திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. அதை யசிந்தா அக்கா கணவாயின் மைப்பையை எடுத்துக்கொண்டே ஒருமுறை சொன்னார். கடைசித் தம்பி அதற்கு இரண்டு வருடம் முந்தியே கனடாவுக்குப் போயிருந்தார். ஆக, அந்தக் குளிருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற சாட்சி இரண்டே இரண்டு பேர்.

அதில் ஒரு சாட்சி பிறழ்ந்துவிட்டது என்பதுதான் யசிந்தா அக்காவின் துக்கம். ஜக்கெற்றை அனுப்பியதே அந்தத் தம்பிதான். ஆனால் வட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டி, "அக்கா, உங்கை குளிர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. இஞ்சை வெளியிலை துப்பினால் நிலத்திலை விழ முதல் கட்டியாப் போகும்," என்று சிரிப்பார். சுற்றி நிற்கிற நாங்களும் சிரிப்போம். தொலைபேசியை வைத்த பிறகு யசிந்தா அக்கா தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். "அவன்ரை குளிர் குளிராம், என்ரை குளிர் குளிரில்லையாம். உந்தக் குளிரைத் திண்டுதானே அவனும் வளந்தவன்," என்றார் ஒருநாள். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே மனம் கஷ்டமாக இருந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

போன மார்கழியில் கிறிஸ்துநாயகம் வந்தார், முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு. நத்தார்ப் பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்காவைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குச் சந்தைக்கே வந்துவிட்டார். அரைக் காற்சட்டை, அரைக்கை வைத்த மெல்லிய ரீசேட், கழுத்தில் வியர்வை துடைக்கத் துவாய். பக்கத்தில் தொப்பியும் சிப்புமாக அக்கா. சிவக்கொழுந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உதிலை ஆர் கனடாவிலை இருந்து வந்தது?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது.

யசிந்தா அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அலுவல் இருந்தது. "தம்பி, இவையளுக்குச் சொல்லு, எங்கடை வீட்டுக் குளிர் எப்பிடியெண்டு. அந்தச் சுவெற்றரைப் பற்றிச் சொல்லு," என்றார்.

தம்பி துவாயால் கழுத்தைத் துடைத்தார். "எந்தச் சுவெற்றர் அக்கா?"

"மண்ணிறம். சுவாமி தந்தது. நீ வெங்காயம் வைச்சுக்கொண்டு படுக்கிறனி."

"நானோ?" என்று அவர் சிரித்தார். பொய்யான சிரிப்பில்லை, உண்மையாகவே மறந்த மனிதனின் சிரிப்பு. "எனக்கு உதொண்டும் ஞாபகமில்லை. உங்கடை கதையிலை எப்பவும் குளிர்தான். வெக்கைதான் எனக்கு ஞாபகம்."

யசிந்தா அக்கா கத்தியை எடுத்தார். முன்னால் கிடந்த மீனை வெட்டத் தொடங்கினார். அது நான் வாங்கிய மீன். செதிலைத் தட்ட மறந்து, குடலையும் உள்ளே விட்டு, துண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுத் தந்துவிட்டார். அப்படியே கொண்டுபோனேன். வீட்டில் ஏச்சு வாங்கினேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் தம்பி வந்தார். அக்கா குளிரைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. தம்பியின் பிள்ளைகள், வீட்டுக் கடன், முழங்கால் நோ என்று நல்லபடியாகத்தான் விசாரித்தார். ஆனால் மீன் வாங்க வருகிறவர்களிடம் மாப்பைச் சட்டைக் கதையும் இல்லை, பாய்ச்சீலைக் கதையும் இல்லை. பேரம்கூடக் குறைந்துவிட்டது, கேட்ட விலைக்குக் கொடுத்தார். சிவக்கொழுந்து என்னைத் தனியே கூப்பிட்டு, "உவ இப்பிடிக் கதையாமல் இருந்தால் எனக்கு விசர் பிடிக்கும் மாஸ்டர்," என்றார்.

நத்தார் கழிந்து இரண்டாம் நாள் காற்று மாறியது. இரவெல்லாம் மழை பெய்து, விடிய வாடை எழும்பிச் சந்தையின் திறந்த பக்கத்தால் புகுந்து அடித்தது. மீன் போட்ட பொலித்தீன் படபடத்தது. கிறிஸ்துநாயகம் வழக்கம்போல ஒரு வெறும் மீன்பெட்டியைக் கவிழ்த்து, காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்திருந்தார். ரொறன்ரோ வீட்டைச் சூடாக்குகிற மெசின் பழுதான கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், எவ்வளவு செலவு என்றெல்லாம் நீண்டுகொண்டு போனது.

கதைத்தபடியே வலது கையை ரீசேட்டின் கைக்குள்ளால் உள்ளே இழுத்தார். கொஞ்சம் பொறுத்து இடது கையையும். இரண்டு கைகளும் உள்ளே நெஞ்சைக் கட்டிக்கொண்டன. ரீசேட்டின் வெறும் கைகள் இரண்டும் காற்றில் ஆடின. கழுத்துப் பட்டிக்குள் நாடியைப் புதைத்து, ஒரு காலின் மேல் மற்றக் காலை வைத்துக்கொண்டு, மெசின் கதையைத் தொடர்ந்தார். தான் இப்படிச் செய்வது அவருக்குத் தெரியவேயில்லை.

சிவக்கொழுந்து கண்டுவிட்டார். வாயைத் திறந்தார். "நீ உன்ரை தேசிக்காயைப் பார்," என்று யசிந்தா அக்கா மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, தம்பிக்குக் கேட்காத குரலில், "முறை இல்லாத நாளிலை நாங்கள் உப்பிடித்தான் மாஸ்டர் பள்ளிக்கூடம் போறது. மூண்டு பேரும் உப்பிடித்தான்," என்றார். கண் கலங்கியிருந்தது. புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியது.

எழும்பினார். வெட்டுப் பலகையையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு தம்பியைச் சுற்றிப் போனார். காற்று வருகிற பக்கத்தில், தம்பியை முழுவதும் மறைக்கிற மாதிரி, வாடைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"ஏனக்கா, இடம் மாறுறியள்?" என்று கிறிஸ்துநாயகம் கேட்டார்.

"அந்தப் பக்கம் வெயில் கண்ணிலை குத்துது," என்றார் யசிந்தா அக்கா. வெளியே மழை திரும்பவும் தூறத் தொடங்கியிருந்தது.