சாயம் போகுமா என்று கேட்டால்

பெங்களூரில் எட்டு ஆண்டுகள் மனிதவளத் துறையில் இருந்தேன். கம்பெனிகளுக்குக் கொள்கை வாசகங்கள் எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பாலக்காட்டுக்கே திரும்பினேன். அத்தா தன் ஜவுளிக்கடைக்கு இரண்டாவது கிளை திறக்கப் போவதாகச் சொன்னதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"நம்ம கடைக்குன்னு சில கொள்கைகள் வேணும் அத்தா."

"எழுதிக்கோம்மா, யாரு வேண்டாங்கறா?"

நேர்மை, புதுமை, பேரார்வம், கூட்டுமுயற்சி என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். விற்பனைப் பெண்கள் ஐந்து பேரும் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். அதைப் படித்தவர் எவருமில்லை.

ரோஷம் வந்து, ஒரு நாள் கடை திறந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டேன்: "புதுசா ஒருத்தி வேலைக்கு வந்தா மொதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பீங்க?"

"மொதலாளி டீ குடிக்கறதுக்கு முன்னால லீவு கேக்காதேன்னு சொல்லுவேன்" என்றாள் ஒருத்தி. கல்லாவில் இருந்த அத்தாவும் சேர்ந்து சிரித்தார். பக்கத்துச் சித்தூரிலிருந்து வேலைக்கு வரும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த விற்பனைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கடையில் இருபது வருட அனுபவம் அவருக்கு.

"சாயம் போகுமான்னு கேட்டா, போகாதுன்னு சொல்லோணும். அதைத்தானுங்க அம்மிணி மொதல்ல சொல்லிக் குடுப்பேன்."

அத்தாவின் சிரிப்பு நின்றது. "அப்படி யாரு சொல்லச் சொன்னது?"

"நீங்கதானுங்க மொதலாளி."

அத்தா கைப்பேசியை எடுத்து, வராத அழைப்புக்கு "ஹலோ" சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார். மத்தியானம் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதிக்கோ. சாயம் போகும்னா போகும்னு சொல்லிரணும். கேட்டா மட்டும்."

இதை அக்காவிடம் சொன்னேன். "ஏனுங்க, கேக்காதவங்க ஊட்டுல மட்டும் சாயம் போகாதுங்களா?" என்றார். "கேட்டா மட்டும்" என்பதை அடித்துவிட்டேன்.

மறுவாரம் ஒரு பெண் சிவப்புப் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்து, சாயம் போகுமா என்று கேட்டார். அத்தா பழக்கத்தில், "சாயமா? அதெல்லாம்..." என்று தொடங்கி, என்னைப் பார்த்து இருமினார். "போகும். மூணு தண்ணிக்குத் தனியா நனைங்க." அந்தப் பெண் விரிப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். நானே கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டதுபோல அத்தா என்னைப் பார்த்தார்.

ஆனால் இரண்டு மாதத்தில் அவருக்கு இதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னதும் வாடிக்கையாளர்கள் திகைத்து நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. இப்போது யாரும் கேட்பதற்கு முன்பே, "இது சுருங்கும்", "இது ரெண்டு வருசம் தாங்காது", "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

நேற்று அக்கா என்னிடம் ஓடிவந்தார்.

"அம்மிணி, கல்யாண ஜவுளிக்கு ஆளு வந்திருக்குது. மொதலாளிய கொஞ்சம் உள்ள கூப்புட்டுக்குங்க."