ஆறு தட்டு, ஒரு நிறுத்தம்

போன வியாழக்கிழமை என் மகள் என்னை நூலகத்துக்கு அழைத்துப்போனாள். எதற்கு? பழைய ஒலிநாடா ஒன்றைக் கேட்க!

பாட்டில்லை, வாத்தியமில்லை. சட்டி மூடி, குழாய்ச் சொட்டு, கதவுத் தாழ்ப்பாள், படியேறும் சப்பாத்து... கம்ப்யூட்டர் வராத காலத்தில் ஒரு பெண்மணி இவற்றைப் பதிவுசெய்து, நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டி, நாலு நிமிட இசையாக்கியிருக்கிறார். அவர் பெயரைக் கவனிக்கவில்லை — வழக்கம்போல, சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மனசுக்குள்ள எண்ணுங்கோ. முன்வரிசை திரும்பிப் பாக்குது," என்றாள் மகள்.

எண்ணாமல் எப்படி? ஒரு விநாடிக்குப் பதினைந்து அங்குல நாடாவாம். நாலு நிமிடத்துக்கு முந்நூறு அடி! அத்தனையையும் துண்டு துண்டாக வெட்டி, கையால் ஒட்டியிருக்கிறார். சொட்டும் குழாய் மெல்ல மெல்ல மணியோசையாக மாறிய இடத்தில்... எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. எழுபத்தெட்டு வயதில் முதல் தடவை.

இத்தனைக்கும் நான் சத்தத்துக்கு எதிரி. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் பிளாட்டுக்கு மேல்மாடியில், பாரிசிலிருந்து குடிவந்த சுகந்தி காலை ஆறு மணிக்குக் கடைகளுக்கு இடியப்பம் அவிப்பார். அவித்த தட்டுகளைக் கவிழ்த்து மேசையில் தட்டுவார். உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தேன். படிவம் அனுப்பினார்கள். பதினாலு நாள் சத்தத்தை அதில் எழுதவேண்டும் — எத்தனை மணிக்கு, என்ன சத்தம், எவ்வளவு நேரம். எனக்குச் சொல்லவா வேண்டும்? பதின்மூன்று நாள் எழுதி முடித்திருந்தேன்.

அன்று நூலகத்திலிருந்து வீடு திரும்பிப் படிவத்தைப் பார்த்தேன். ஆறு தட்டு, நிறுத்தம். ஆறு தட்டு, நிறுத்தம். பதின்மூன்று நாளும் பிசகில்லை. இத்தனை நாளும் எதை எழுதிக்கொண்டிருந்தேன்? இசையை!

வெள்ளி காலை பென்சிலோடு காத்திருந்தேன். ஆறு மணி. ஆறேகால்... பூச்சியம். மேலே ஏறினேன்.

கதவைத் திறந்த சுகந்தியின் முகம் வெளுத்தது. "அங்கிள், இண்டைக்கும் கேட்டதோ? நேற்றுக் கவுன்சில் கடிதம் வந்தது. சத்தம் கேக்காமல் மேசையில துவாய் விரிச்செல்லோ தட்டினனான். இதையும் நிப்பாட்டச் சொன்னா நான் என்ன செய்யிறது?"

"துவாயை எடும் பிள்ளை."

"என்ன?"

"எடுத்துப்போட்டுத் தட்டும். முந்தி மாதிரி, ஆறு ஆறாய்."

"ஒரு அடுக்குக்கு ஆறு தட்டுத்தானே, அதுதான்... அங்கிள், சுகமில்லையோ? மகளுக்குப் போன் எடுக்கட்டோ?"

முறைப்பாட்டை வாபஸ் வாங்க நானே போன் எடுத்தேன், கவுன்சிலுக்கு. நாற்பது நிமிடக் காத்திருப்பு. அதற்கென்று போடும் இசை பதினொரு தடவை. பிளேடால் வெட்டவேண்டியது அதைத்தான்!

படிவம் எழுதுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. இன்று காலை: ஆறு, ஆறு, ஐந்து.

ஒரு தட்டு எங்கே? — மேலே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.