மிஞ்சிய மூன்று கல்

ஓராண்டு ஆன பிறகும் அம்மாவை மறக்காமல் வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் என் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்ணீரோடு தொடங்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் உற்சாகம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மாமாவுக்கு ஒரு பதிலும் நான் பாக்கி வைத்திருக்கிறேன். அம்மா காலமான அன்று, தன் தங்கையின் உடலை ஊருக்குக் கொண்டுபோக அவர் வண்டியோடு வந்தார். இங்கேதான் தகனம் என்று நாங்கள் சொன்னதும், "பொறந்த மண்ணு வேண்டாம்னு ஆயிட்டுல்லா?" என்றார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதற்கான பதிலைத்தான் இப்போது சொல்கிறேன்.

அம்மா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கியவர். கொத்தனாரான அப்பாவைக் கைப்பிடித்து, திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய வாடகை வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் இந்த ஊரில் எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை. சோறு குண்டு குண்டாக இருக்கிறது, வெயிலிலும் குடை பிடிக்கிறார்கள் என்று குறை. பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தபோது, "சேலை அலசுன தண்ணியையா குடிக்கச் சொல்லுதீய?" என்று அப்பாவிடம் கேட்டாராம்.

அப்போதுதான் அந்தச் செங்கல் விவகாரம் நடந்தது. ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் பொங்காலைக்குப் பெண்கள் தெருவெங்கும் மூன்று கல் கூட்டி அடுப்பு வைப்பார்கள். இடம் பிடிக்கச் சில நாள் முன்பே கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். யார் கல்லையும் யாரும் தொடுவதில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. தெருவோரம் செங்கல் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்தார். கொத்தனார் பெண்டாட்டிக்கு மனசு கேட்குமா? பொங்காலைக்கு முதல் நாள் மத்தியானம் அத்தனையையும் சுமந்து வந்து துவைகல் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவிட்டார்.

சாயங்காலம் தெருவே வாசலில் கூடிவிட்டது. அம்மா பெருமையாக, "பத்திரமா அடுக்கி வச்சிருக்கேன்க்கா" என்றார்.

பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சிக்குத் தமிழ் தெரியும். "எடி கொச்சே, அது கல்லல்ல. ஒவ்வொருத்தரோட இடமாக்கும்," என்றார்.

எது யாருடைய கல் என்று சண்டை. பிறகு ஒரே சிரிப்பு. அம்மாவே எல்லாக் கல்லையும் திரும்பச் சுமந்து போட வேண்டியதாயிற்று. கடைசியில் மூன்று கல் மிஞ்சியது. கேட்டு யாரும் வரவில்லை.

"அது நின்டெ கல்லு. நாளெக் கலத்தைக் கொண்டு வா," என்றார் ஓமனச் சேச்சி.

அந்தக் கல் உண்மையில் உங்களுடையதுதானே என்று பிற்காலத்தில் சேச்சியிடம் கேட்டால், "ஆருக்கு ஓர்மை!" என்று ஞாபகமே இல்லாததுபோல் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று பிடித்த இடத்தை அம்மா விடவேயில்லை. ஊரும் அவரைப் பிடித்துக்கொண்டது. தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா, பேருந்துப் பலகையை மலையாளத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார். எந்தக் கட்சி ஊர்வலம் போனாலும், அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்து கை காட்டுவார். தேர்தல் வந்தால் ஓமனச் சேச்சியோடு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாதம். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும், சேச்சி தினமும் பத்திரிகையோடு வந்து வாசித்துக் காட்டினார். இருவரும் முறையாகச் சண்டை போட்டார்கள்.

அங்கே வைத்துத்தான் அம்மா என்னிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிராதல. அங்க எனக்குச் சண்டை போட ஆளு இல்ல."

மாமா, இதுதான் என் பதில். பிறந்த மண்ணை அம்மா வெறுக்கவில்லை. இந்த ஊர் தந்த இடத்தை அவரால் விட முடியவில்லை.

அம்மா போய் ஆண்டு முடியாததால் இந்த மாசியில் எங்கள் வீட்டில் பொங்காலை இல்லை. "உங்கம்மா அப்படி என்னத்தக் கண்டு மயங்கிக் கெடந்தான்னு பாக்கணும்" என்று பெரிய மாமாவின் மனைவியான அத்தை மட்டும் ஊரிலிருந்து வந்திருந்தார். பொங்காலையன்று இருவரும் வெளியே வந்தோம். தெரு முழுக்கப் பானைகள், நடக்க வழியில்லை. அம்மாவின் இடத்தில் மட்டும் மூன்று கல் கூட்டி, பானையில்லாமல் கிடந்தது.

"மதினி வரும்னு எனக்குத் தெரியும். கலம் இருக்கு, அரியும் இருக்கு. இரிக்கணும்," என்றார் ஓமனச் சேச்சி. அத்தை உட்கார்ந்ததும், தன் அடுப்பிலிருந்து ஓலையில் தீ எடுத்து அத்தையின் அடுப்பில் வைத்தார். அன்று அத்தை மாமாவுக்குப் போன் செய்தார். "ஏங்க, இவள நாம அங்க கொண்டுபோயிருந்தா இந்த எடத்துக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டவர் அழுதுவிட்டார். முகத்தைத் துடைத்துவிட்டு, "புகை" என்றார்.

அம்மாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அப்பாவோடு வேலை செய்யும் தோழர்களுக்கும், அன்று கல்லைத் தொலைத்தும் அம்மாவை மன்னித்த தெருப் பெண்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓமனச் சேச்சிக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆகவே வணங்கிக்கொள்கிறேன்.

பெரிய மாமா நினைவு நாளுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். மாமா, பந்தியில் சிவப்புத் தண்ணீர்தான் வைக்கிறோம். இந்தத் தடவை குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.