எங்கள் அக்கா சாயம் போட்ட கடல்

அக்காவின் ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் லயத்து மக்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டியவள். எழுத்துக் கூட்டி இதை எழுத நாலு நாள் ஆயிற்று. மகன் தான் எழுதித் தருவதாகச் சொன்னான். அவனுக்கு அக்காவைப் பற்றிப் பாதிதான் தெரியும். அதனால் கொடுக்கவில்லை.

அக்கா ஹட்டனுக்குப் பக்கத்து றொசல்லையில், ரயில் பாதைக்கு மேலே தோட்டத்து வரிசை வீடுகள் உள்ள லயத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார்கள். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து எங்கள் நால்வருக்கும் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். அப்படியிருந்தும், வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. மலையில் வேலை வாங்கி எல்லாரையும் அதட்டும் கண்டாக்கையா, அக்காவைக் கண்டால் மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா நீர்கொழும்புக்குப் போனார்கள். அங்கே கட்டிக் கொடுத்த மகளுக்குப் பேறுகாலம். மூன்று மாதம் இருந்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைத்ததும் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். திரும்பி வரும்போது பேரனின் படம் ஒன்று வந்தது. சிப்பி, நண்டு ஓடு, காய்ந்த பாசி எல்லாம் ஒரு மூட்டை வந்தது. மூட்டையை அவிழ்த்ததும் அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, கருவாட்டுக் கொழம்பா? எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க."

"கொழம்பு இல்லடி. கடல்."

அந்த வருடம் ஹட்டனில் ஒரு மாதர் சங்கம் பத்திக் வகுப்பு வைத்தது. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் யானையும் தாமரையும் வரைந்தார்கள். அக்கா நண்டு வரைந்தார்கள். அதுவும் குடும்பம் குடும்பமாக.

வீட்டிலும் சாயப்பானை வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரரான மச்சானின் கோயில் வேட்டி ஒரு நாள் தவறி அதற்குள் போய்விட்டது. அந்த வருடத் திருவிழாவில் மச்சான் நீல வேட்டியோடுதான் காவடிக்கு முன்னால் நடந்தார். கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக் கடல்ல விழுந்துருச்சுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

கண்டாக்கையாவும் ஒரு நாள் கொடியில் காய்ந்த துணியின் முன்னால் நின்றார்.

"இது எத்தனையாம் நம்பர் மல? தேயில நெர நெரையா நல்லாத்தான் இருக்கு."

"அது கடல் தண்ணிங்கய்யா."

"அப்படியா? கவ்வாத்து சுத்தமா வெட்டியிருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். "நான் போட்ட கடல, அந்தக் கடலுக்குப் பக்கத்துல வச்சு ஒரு வாட்டி பாக்கணும்டி. சரியா வந்திருக்கான்னு எனக்குத் தெரியணும்" என்பார்கள். அப்போதுதான் சங்கத்தார் நுவரெலியாவில் கண்காட்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு நோனா, சிங்களச் சீமாட்டி, வருவார். அவருக்குப் பிடித்த துணிகள் கொழும்பில், கடலோர மண்டபத்தில் தொங்கும் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மைதானத்தில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அக்காவின் பதினொரு துணிகளையும் தொங்கவிட்டோம். லயமே லொறியில் வந்திருந்தது. நோனாவை அழைத்துவர அக்கா வாசலுக்குப் போனார்கள். அந்த நேரம் பார்த்து என் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது.

எங்கள் லயத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு துளி விழுந்தால் போதும். யார் துணி என்று பார்க்காமல், வெளியே நிற்பவர்கள் எல்லாக் கொடியையும் உருவி உள்ளே எறிந்துவிடுவோம். "மழ!" என்று முதலில் கத்தியது நான்தான். அதை மறைக்கமாட்டேன். ஒரே நிமிடத்தில் பதினொரு துணியையும் இழுத்து, மடித்து, கம்பளியில் மூட்டையாகக் கட்டி, மேலே பாக்கியத்தை உட்கார வைத்துவிட்டோம். பக்கத்துக் கயிற்றில் தொங்கிய வேறு தோட்டத்தாரின் யானைகளையும் விடவில்லை.

அக்கா நோனாவோடு வந்தார்கள். வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"துணி எங்கடி?"

"நனையாம எடுத்துட்டோம்க்கா" என்றேன்.

"மூணு தடவ சாயத்துல முக்கி, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்த துணி. அது மழைக்காடி பயப்படும்?"

நோனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா போன அன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது. பிறகு அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார்கள்.

"எந்திரி பாக்கியம்! எல்லாரும் பெரட்டுல நில்லுங்கடி! ஆளுக்கொண்ணு விரிச்சுப் பிடிங்க!"

மழையில் வரிசையாக நின்றோம். தோட்டத்துத் துரை வந்தால் நிற்பது போலவே. நோனா குடையோடு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"கக்குளுவா நோனா. ஆம்பள நண்டு" என்றாள் பாக்கியம்.

"பொஞ்சாதி என்கிட்ட இருக்கு நோனா" என்று அடுத்தவள் தமிழிலேயே சொன்னாள்.

நோனா சிரித்துவிட்டார். நான் பிடித்திருந்தது எல்லாவற்றிலும் பெரிய துணி. நண்டு இல்லை, சிப்பி இல்லை, தண்ணீர் மட்டும். "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று நாங்களே கேலி செய்தது. காற்று வந்து அதைத் தூக்கி இறக்கியது. நோனா குடையை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டே அதைப் பார்த்தார். அதைத்தான் எடுத்தார்.

கொழும்புக்கு அக்காவோடு நானும் போனேன். மண்டபத்தில் கொடுக்குமுன் துணியைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஒரு முனையை அக்காவும் மறுமுனையை நானும் பிடித்தோம். அக்கா துணியைப் பார்த்தார்கள். கடலைப் பார்த்தார்கள். மறுபடி துணியைப் பார்த்தார்கள். "மடிடி, நேரமாச்சு" என்றார்கள். அவ்வளவுதான். ஊர் வந்து சேரும்வரை பேச்சே இல்லை. சரியாக வரவில்லை போல என்று நினைத்து, நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மண்டபத்தில் இரண்டு வாரம் தொங்கித் திரும்பி வந்த அந்தத் துணிதான், இன்று அக்காவின் படத்துக்குப் பின்னால் நீங்கள் பார்ப்பது.

போன வருடம் நெஞ்சுச் சளி கூடி அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்தோம். அங்கேயும் கட்டிலுக்குக் கட்டில் தொங்கிய நீலத்திரையைப் பிடித்துப் பார்த்து, "இத முக்குனவளுக்கு அவசரம்" என்று தாதிமாரிடம் குறை சொன்னார்கள். பத்தாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் அடங்கிவிட்டார்கள்.

அக்காவின் பேச்சைச் சிரித்தபடி தாங்கிக்கொண்ட தாதிமாருக்கும், பெட்டியை லயத்துப் படிகளில் சரியாமல் ஏற்றி வந்த பிள்ளைகளுக்கும், மூன்று நாள் தேத்தண்ணீர் ஊற்றிய பாக்கியத்துக்கும், யானைகளைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடாத அந்தத் தோட்டத்தாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் என் எழுத்தைத்தான் கோபிக்க வேண்டும், மனசை அல்ல.

ஆஸ்பத்திரியில், அக்கா போவதற்கு முதல் நாள், மனது கேட்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்குக் கடற்கரையில ஏன் ஒண்ணுமே சொல்லல?"

அக்கா தலையணையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடலுதான் கொஞ்சம் சாயம் போயிருந்துச்சு. அது மூஞ்சிக்கு முன்னாடியே எப்படிடி சொல்றது?"