ஐந்து டீக்குப் பின்னால் ஒரு கோடு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று ஒவ்வொரு சொல்லிலும் தடுமாறுவேன். ஆனால் பிழையோடு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் எழுத்தையும் அவன் ஒவ்வொன்றாகத் தடவித்தான் படிப்பான். படித்தவர்கள் தாண்டிப் போவது அவன் கண்ணில் முள்ளாகக் குத்தும்.

என் முன்னால் ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. நடுவில் கம்பி குத்திய ஓட்டை. 'ஐந்து டீ |' என்று எழுதியிருக்கிறது.

டில்லி ஆர்.கே.புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீ கொடுக்கும் வேலை எனக்கு. இந்தி பேசுவேன், படிக்கத் தெரியாது. அதனால் அங்கிருந்த தமிழர்கள் எனக்குத் தமிழில் சீட்டு எழுதி அனுப்புவார்கள். நான் அவற்றைக் கம்பியில் குத்தி வைப்பேன். இந்தச் சீட்டு வந்த அன்று ஆறு டீ கொண்டுபோனேன். எழுதியவர் டீம் லீடர். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"அரே, அஞ்சுதானே எழுதினேன்? ஆறு எதுக்கு?"

"அஞ்சு டீ, பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கீங்களே சார்."

அறையே சிரித்தது. "அது ஒண்ணு இல்ல பையா, ஃபுல்ஸ்டாப்! அஞ்சாங்கிளாஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றார். இந்தி வழியில் படித்தவர்கள் வாக்கியம் முடிந்தால் புள்ளி வைக்காமல் நெட்டுக்கோடு போடுவார்களாம். அதை அவர் தமிழிலும் போட்டிருக்கிறார். தப்பு அவருடையது, சிரிப்பு என்மேல்.

அப்போது ஓரத்தில் வேலையாக இருந்த ஒரு மேடம் தலையை நிமிர்த்தாமல், "ஆறாவது எனக்கு. நான்தான் அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன்" என்றார். சொல்லவே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் கடன்பட்டவன்.

மேடம் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், ஜனக்புரியில் குடியிருந்தார். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பாடங்களைத் தமிழில் எழுதி இணையத்தில் போடுவார். வலைப்பதிவு என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கீழே பின்னூட்டம் எழுதலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் சொல்லாத வசதிதான் வினையானது.

கம்ப்யூட்டரில் தமிழை வளர்க்கிறோம் என்று மாதம் ஒரு ஞாயிறு இருபது பேர் கூடுவார்கள். லீடர்தான் அதை நடத்துபவர். அங்கேயும் டீக்கு நான்தான். ஒரு கூட்டத்தில் மேடம் தான் எழுதிய புரோகிராமை விளக்கி முடித்ததும், "உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரா?" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் யார் பெயரையும் குறிப்பிடாமல் அதைத் தன் பதிவில் எழுதினார். மறுநாளிலிருந்து பெயரில்லாத பின்னூட்டங்கள் தொடங்கின.

அலுவலகத்தில் காட்ட அந்தப் பின்னூட்டங்களை மேடம் பிரிண்ட் எடுத்தார். மெஷினிலிருந்து எடுத்துப் போனவன் நான். தமிழாக இருந்ததால் கண் தானாக ஓடியது. அந்த வார்த்தைகளை இங்கே எழுத என் கை வராது. வசவோடு நிற்கவில்லை. 'சிவப்புப் பை, ஐந்தே முக்கால் பஸ், ஜனக்புரி. பார்த்துக்கொண்டிருக்கிறோம் |' என்றும் இருந்தது.

மேலதிகாரிகள் "இக்னோர் கரோ", கண்டுகொள்ளாதே, என்றார்கள். லீடர் தானே வந்து ஆறுதல் சொன்னார். "கொஞ்ச நாள் பிரேக் எடுங்க. லேடீஸ் இதையெல்லாம் ரொம்ப மனசுல போட்டுக்கறீங்க." பக்கத்தில் இருந்த ஒருவர், வரிக்கு வரி இந்தக் கோடு எதற்கு என்று கேட்டார். "எழுத்துருக் கோளாறு" என்றார் லீடர், கண் இமைக்காமல். படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த ஆறாவது டீ நினைவுக்கு வந்தது.

அன்று மேடம் என்னிடம், "இந்த மாசத்தோட மூடிடறேண்ணே. பஸ் ஏறவே பயமா இருக்கு" என்றார். கோட்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் டில்லியில் அந்தக் கோடு போடுகிற தமிழர் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். என் பேச்சை யார் நம்புவார்கள்?

ஒரு பொய்யை விதைத்தேன். லீடர் தனியாக இருந்தபோது டீயை வைத்துவிட்டு, "பாவம் சார் மேடம், தெனமும் மொட்டை மாடியில அழுதுக்கிட்டேதான் சாப்பிடுறாங்க" என்றேன். மேடம் மாடிக்குப் போனதே இல்லை. இதை வேறு ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

"அச்சா?" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் இருந்த இனிப்பு என் டீயில் இருந்ததில்லை.

மறுநாள் பிரிண்டரில் வந்தது: 'மொட்டை மாடியில் அழுதுகொண்டே சாப்பிட்டது போதும், வீட்டுக்குப் போய்ச் சமை |'.

கம்பியிலிருந்த அவருடைய சீட்டுகளை எல்லாம் உருவி மேடம் மேசையில் வைத்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மேடம் சீட்டுகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அழவில்லை. "ஞாயித்துக்கெழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்றார்.

அந்த ஞாயிறு திரையில் இடப்பக்கம் பின்னூட்டங்கள், வலப்பக்கம் டீச் சீட்டுகள். மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார், கடைசியில் மொட்டை மாடி. லீடர் சிரித்தார். "கோடு யார் வேணாலும் போடலாம். மாடி விஷயம் ஆபீஸ் முழுக்கத் தெரியும்."

இருபது பேர் நடுவில் நான் அதுவரை பேசியதில்லை. ஒரே ஒரு டீயைத் தட்டில் ஏந்திப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"மாடி விஷயம் நான் கட்டின பொய் சார். உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். இந்தாங்க, உங்க கோட்டுக்கான டீ."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் வடிந்ததை நான் நின்று பார்த்தேன். கடைசித் துளி வரை பார்த்தேன். அந்த டீ ஆடை கட்டி ஆறியது.

மாதக் கூட்டம் அவர் கையைவிட்டுப் போனது. சீட்டுகளை மேடம் திருப்பித் தர, ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். கம்பெனி ஒன்றும் செய்யவில்லை, சில மாதத்தில் அவரே வேறு வேலை தேடிக்கொண்டார். போகிற அன்று டீ போடும் இடத்துக்கு வந்தார். "அண்ணே, அந்தச் சீட்டெல்லாம் குடுத்துடுங்களேன்." அதுவரை நான் அவருக்குப் பையாதான்.

"இருக்கு சார். தர மாட்டேன்" என்றேன்.

மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறும்போதெல்லாம் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்கிறேன். மன்னிக்கிற மனசைக் கொடு என்று மட்டும் கேட்டதே இல்லை. மேடம் லீடரை மறந்துவிட்டதாகச் சொல்கிறார். அது அவர் பெருமை. நான் மறக்கவில்லை. லீடர் எங்கே எழுதினாலும் அந்தக் கோடு போடக் கை போகும், போகும்போது என் தட்டு நினைவுக்கு வரும். அது போதும் எனக்கு.

மேடம் இன்றும் எழுதுகிறார், அதே ஐந்தே முக்கால் பஸ்ஸில்தான் போகிறார். இதையும் தன் பதிவில் போடுவதற்காக நாலு வருடமாக என்னை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். பிழைகளை அவர் திருத்திவிடுவார். சீட்டைத் திரும்ப டப்பாவில் வைக்கப் போகிறேன். முடிக்கும் இடத்தில் புள்ளிதான் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.கே.புரம், 22 நவம்பர் 2009, ஞாயிற்றுக்கிழமை.